வேரோடு மண்ணும் வரட்டும்

(புதிய ஊரில் குடியேறும் குடும்பங்களின் மனநிலை குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீடு மாறுவது என்றால் தமிழ்க் குடும்பங்களில் முதலில் நாள் பார்ப்பார்கள். எந்தக் கிழமை, எந்த நேரத்தில் பால் காய்ச்சுவது என்பதெல்லாம் குறித்து வைக்கப்படும். அடுத்து லோரிக்குச் சொல்ல வேண்டும், வாடகை முன்பணம் கட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளி மாற்றத்தைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் திட்டம் உண்டு. வீடு மாறுகிறவர்களின் மனம் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் யாரும் திட்டம் போடுவதில்லை.

பால் காய்ச்சி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு, வீட்டில் ஒருவர் மெல்லச் சொல்வார்: "இங்க மனசு ஒட்டலே." அதற்குக் கிடைக்கும் பதில், "போகப் போகச் சரியாயிடும்" என்பதுதான். அதோடு பேச்சு முடிந்துவிடும். சிலருக்கு உண்மையிலேயே போகப் போகச் சரியாகிறது. சிலருக்கு ஆண்டுக் கணக்கானாலும் சரியாவதில்லை. ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே நாளில், ஒரே லோரியில் வந்த இரண்டு குடும்பங்களுக்கு இடையே ஏன் இந்த வேறுபாடு? அதைத் தெரிந்துகொண்டால் பல குடும்பங்களின் துன்பத்தைக் குறைக்க முடியும்.

வந்தவர்களின் ஊர்

ஜொகூர் மாநிலத்தின் காஹாங்கை எடுத்துக்கொள்வோம். குளுவாங் மாவட்டத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் 50-ஆம் எண் கூட்டரசு சாலையில் உள்ள சிறிய ஊர் அது. தீவுகளுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்து மெர்சிங் படகுத்துறைக்குப் போவார்கள். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்குப் போகிறவர்கள் காஹாங்கில் திரும்பி, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போக வேண்டும். வழியெங்கும் செம்பனை.

அந்தக் காட்டின் பழங்குடியினரான ஜக்குன் ஒராங் அஸ்லி மக்களை விட்டுவிட்டுப் பார்த்தால், காஹாங் வட்டாரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 'வந்த கதை' இருக்கிறது. 1956-இல் ஃபெல்டா தொடங்கப்பட்டது. அதன் காஹாங் தீமோர், காஹாங் பாராட் நிலக் குடியேற்றத் திட்டங்களுக்கு மலாய்க் குடும்பங்கள் தங்கள் சொந்தக் கம்பங்களை விட்டு வந்தன. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின், 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் நாடெங்கும் காட்டோரச் சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. அதே காலத்தில் தோட்டத் தமிழர்களும் சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, வேலிபோட்ட குடியிருப்புகளில் ஒன்று சேர்க்கப்பட்டார்கள்.

அதற்கும் முந்தியது தமிழர்களின் வருகை. கங்காணி முறையில் கூட்டிவரப்பட்டு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்றைய தோட்டத் தமிழர்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை அந்தப் பயணம் நீடித்தது.

ஆக, ஊர் மாறுவது இந்நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதல்ல. தாத்தா கடல் தாண்டினார். அப்பா ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனார். இன்றைய தலைமுறை தோட்டத்தை விட்டே வெளியேறி குளுவாங், ஜொகூர் பாரு, மாசாய், பாசிர் கூடாங் என்று போகிறது. சிலர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். மூன்று தலைமுறையாக இடம் மாறிய ஒரு சமுதாயம், இடம் மாறுவதால் வரும் மனத்துயரைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதே வியப்பு.

தோட்டம் ஏன் காலியானது?

தோட்டங்களை விட்டு மக்கள் வெளியேறியதற்குக் காரணங்கள் பல. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, அதே நிலத்துக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். செம்பனையிலும் வேலை குறைந்தது. ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத் தூளை ஆட்களே கைப்படத் தூவி வந்தார்கள். பெண்களுக்குப் பிழைப்புத் தந்த வேலை அது. கேமரூனிலிருந்து ஒரு சிறிய வண்டு கொண்டுவரப்பட்டு, 1981-இல் குளுவாங் பாமோல் தோட்டத்தில் விடப்பட்டது. மகரந்தச் சேர்க்கையை அந்த வண்டே செய்யத் தொடங்கியதும், கையால் தூவும் வேலை நாடு முழுவதும் இல்லாமல் போனது. விளைச்சல் பெருகியது, ஒரு வகை வேலை மறைந்தது.

மேம்பாட்டுத் திட்டங்களுக்காகவும் தோட்டங்கள் மறைந்தன. அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு புத்ராஜெயா. 1990-களில் அந்த நிர்வாக நகரம் எழுந்தபோது பிராங் பெசார், கெலோவே, மெடிங்லி, செஜிலி ஆகிய தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன.

காஹாங் போன்ற வட்டாரங்களில் பெரும்பாலும் நடந்தது வேறு. அங்கே தோட்டம் இருக்கிறது, மரம் இருக்கிறது, லயமும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் படித்து வெளியூர் வேலைக்குப் போனார்கள். பெற்றோர் ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகளின் பின்னால் போனார்கள். யாரும் விரட்டவில்லை. தாங்களே விரும்பிப் போனார்கள். அதனாலேயே அவர்களின் துயரம் வெளியில் தெரிவதில்லை. "யாரும் உங்களைப் போகச் சொல்லலையே, முன்னேறத்தானே வந்தீங்க, அப்புறம் என்ன அழுகை?" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை.

இழந்தது எது?

தோட்டம் சொர்க்கமாக இருந்ததில்லை. ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் சமையற்கட்டு என்ற லயத்து வீட்டில் எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். மழை பெய்தால் பால் மரம் வெட்ட முடியாது. அன்றைய கூலி போய்விடும். கிராணிக்கும் தண்டலுக்கும் பயந்து வாழ வேண்டும். சம்பள நாளில் கள்ளுக்கடை பல வீடுகளின் அடுப்பை அணைத்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு, தோட்டத்து வாழ்க்கை பொன்னாக இருந்தது என்று பிள்ளைகளிடம் கதை சொல்வது சரியல்ல. பிள்ளைகள் அதை நம்பவும் மாட்டார்கள்.

பிறகு எதற்காக ஏங்குகிறார்கள்? வீட்டுக்காக அல்ல. தங்களை அறிந்த மனிதர்களுக்காக.

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பெயர் சொல்லி அறிமுகம் தேவையில்லை. 'மூணாம் லயத்து மண்டோர் மருமக' என்றால் போதும். அவளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து ரசம் வந்துவிடும். அவள் பிள்ளை ஆயாக் கொட்டகையில் வளரும்; அந்தப் பிள்ளை பெரட்டுக்களத்தில் சேட்டை செய்தால் கண்டிக்க ஊரே இருக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் யார் கரகம் எடுப்பது, யார் பந்தல் போடுவது, யார் அண்டாவில் சோறு வடிப்பது என்பதெல்லாம் ஆண்டாண்டு காலமாக முடிவானவை. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது.

பட்டணத்து வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. மூன்று அறைகள் இருக்கின்றன. ஆனால் திருவிழாவில் சோறு வடித்த அந்த மனிதர் இங்கே யாருக்கும் யாருமில்லை. நான்காம் மாடியில், இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிழவர், அவ்வளவுதான். அவர் இழந்தது அந்த மதிப்பை. வசதி கூடியதைச் சுட்டிக்காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாதது இதனால்தான்.

பிற நாடுகள் கண்ட உண்மை

இது தோட்டத் தமிழர்களுக்கு மட்டும் உரிய மனநிலை அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பு, நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1950-களின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களை ஆராய்ந்த மார்க் ஃபிரைட் என்ற உளவியலாளர் 1963-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வீட்டை இழந்தவர்களின் நிலை, நெருங்கிய ஒருவரைச் சாவில் இழந்தவர்களின் நிலையை ஒத்திருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் கணிசமான பெண்கள் அந்தத் துயரத்திலிருந்து மீளவில்லை. பழைய இடத்தோடு யாருக்கு ஒட்டுதல் அதிகமோ அவர்களுக்கே துயரமும் அதிகமாக இருந்தது. அப்படியானால் அந்த அழுகை பலவீனம் ஆகாது. ஓர் இடத்தோடும் அதன் மனிதர்களோடும் எவ்வளவு உண்மையாக வாழ்ந்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

இங்கிலாந்தில் மைக்கல் யங், பீட்டர் வில்மொட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிழக்கு லண்டன் குடும்பங்களைப் பற்றி 1957-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நெருக்கடியான பழைய தெருக்களிலிருந்து நகருக்கு வெளியே புதிய வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தோட்டத்தோடு கூடிய நல்ல வீடு கிடைத்தது. ஆனால் அம்மா வீடு அடுத்த தெருவில் இல்லை. தினமும் தாயைப் பார்த்து வந்த பெண்கள் புது வீட்டில் தனித்துப் போனார்கள்.

தமிழர்களிடையே நடந்த மிகப் பெரிய இடமாற்றங்களில் ஒன்று இலங்கை மலையகத்தில் நடந்தது. 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவானது. அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு பல மாவட்டங்களுக்கும் சிதறினார்கள். இலங்கையில் 'இந்தியாக்காரர்' என்று சொல்லப்பட்டவர்கள், இந்தியாவில் 'சிலோன்காரர்' ஆனார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலையும் குடியிருப்பும் கிடைத்தன. அங்கேயும் ஏழ்மை இருந்தது. ஆனாலும் தெரிந்த தொழில், தெரிந்த மலைக்குளிர், சுற்றிலும் தங்களைப் போலவே வந்த மக்கள் என்ற துணை அவர்களுக்கு இருந்தது. தொழில் கடன் என்ற பெயரில் சிறு தொகை கொடுக்கப்பட்டு, பழக்கமில்லாத சமவெளி ஊர்களில் கடை வைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல நொடித்துப் போயின. அவர்களுக்கு வியாபாரமும் தெரியாது. ஊரில் யாரையும் தெரியாது.

உரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. பழைய வாழ்க்கையின் ஏதோ ஒரு பகுதியைக் கையோடு கொண்டுவர முடிந்தவர்கள் புதிய இடத்தில் வேர் பிடிக்கிறார்கள். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர்கள், அல்லது உதற வைக்கப்பட்டவர்கள், வாடிப்போகிறார்கள்.

நாற்றுமேடைப் பாடம்

காஹாங் வட்டாரத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. செம்பனைக் கன்றுகள் ஏறக்குறைய ஓராண்டு நாற்றுமேடையில், மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் வளர்கின்றன. நிலத்துக்குக் கொண்டுபோய் நடும்போது பையைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். ஆனால் வேரைச் சுற்றியுள்ள மண்ணை உதிர்க்க மாட்டார்கள். மண் உதிர்ந்தால் வேர் அறுபடும்; கன்று வாடும். பழைய மண்ணோடு இறக்கி வைத்தால், சில காலத்தில் வேர் அந்த மண்ணைத் தாண்டிப் புதிய மண்ணுக்குள் போகும்.

பையோடு நட்டாலும் கன்று பிழைக்காது. வேர் பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். புதிய ஊருக்கு வந்தும் அண்டை வீட்டாரிடம் பேசாமல், எதற்கெடுத்தாலும் "எங்க தோட்டத்துல இப்படியா?" என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது பையோடு நடுவதற்குச் சமம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிடிமண் எடுத்துப் போகும் வழக்கம் உண்டு. குலதெய்வக் கோயிலுக்கு அடிக்கடி போக முடியாத தூரத்தில் குடியேறுகிறவர்கள், அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, புதிய இடத்தில் வைத்து வழிபடுவார்கள். நேரில் போய்க் கேட்டு, பூசை செய்து, அனுமதி வாங்கி எடுத்து வருவார்கள். முழுக் கோயிலையும் தூக்கி வருவதில்லை. ஒரு பிடி மண் போதும் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துயரம்

ஒரே வீட்டில் இருந்தாலும் ஒவ்வொருவரும் இழப்பது வெவ்வேறு.

முதியவர் இழப்பது நடமாட்டத்தையும் மதிப்பையும். தோட்டத்தில் காலையில் எழுந்து கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் தண்ணீர் ஊற்றி, நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்த பாட்டிக்கு, மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் கீழே இறங்குவதே பெரும்பாடு. பேசாமல் இருக்கிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை, பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது.

குடும்பத் தலைவர் இழப்பது திறமையை. முப்பது ஆண்டுகள் மரத்துக்குக் காயம் படாமல் பால் வெட்டியவர், உயரத்துப் பழக்குலையை ஒரே இழுப்பில் அறுத்தவர், பட்டணத்தில் 'அனுபவம் இல்லாதவர்' ஆகிவிடுகிறார். பாதுகாவலர் வேலையோ துப்புரவு வேலையோ கிடைக்கிறது. அந்த அவமானத்தை ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோபமாகக் காட்டுகிறார்கள், அல்லது குடியில் மறைக்கிறார்கள்.

தாய் இழப்பது உதவிக் கரங்களை. தோட்டத்தில் பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட பிள்ளை வளர்ப்பு இப்போது அவள் ஒருத்தியின் தலையில். தொழிற்சாலையில் இரவு முறை வேலை என்றால் பிள்ளையை யாரை நம்பி விடுவது என்ற கவலை தினமும் தொடரும்.

பிள்ளைகள் இழப்பது நண்பர்களை. "சின்னப் பிள்ளைங்க, சீக்கிரம் பழகிடும்" என்பது பாதி உண்மைதான். புது வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை வீட்டில் சொல்லாது. திடீரென்று வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போடும். பதின்ம வயதுப் பையன் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் முதல் கும்பலோடு சேர்ந்துகொள்வான். அந்தக் கும்பல் நல்லதா கெட்டதா என்று அவன் பார்ப்பதில்லை. தனியாக நிற்பதைவிட அது மேல் என்று நினைக்கிறான். பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வந்ததே பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக. அந்தப் பிள்ளையையே இழந்துவிட்டால் மிச்சம் என்ன?

புறப்படும் முன்

முதல் கடமை, முறையாக விடைபெறுவது. விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் சாமான் ஏற்றிக்கொண்டு போவது வேண்டாம். அண்டை வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டும். தோட்டத்துக் கோயிலில் ஒரு பூசை செய்ய வேண்டும். பிள்ளைகளும் தங்கள் பள்ளி, ஆசிரியர், விளையாடிய திடல் எல்லாவற்றிடமும் விடைபெறட்டும். அழுகை வந்தால் வரட்டும். சாவு வீட்டில் அழாதவர்களைப் பற்றித்தான் பெரியவர்கள் கவலைப்படுவார்கள்.

இரண்டாவது, எதைக் கொண்டுபோவது என்பதை வீட்டார் அனைவரும் சேர்ந்து முடிவு செய்வது. லோரியில் இடமில்லை என்று பாட்டியின் அம்மிக்கல்லை விட்டுவிட்டு வருவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அவருக்கு அது அப்படி அல்ல. ஒரு செடிப்பதியனும் பழைய சாமி படமும் போதும், புது வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் ஒரு மூலையும் கிடைத்துவிடும்.

மூன்றாவது, லயத்தையும் கோயிலையும் ஆட்களையும் படம் எடுத்து வைப்பது. கைப்பேசி இருக்கும் காலத்தில் இதற்குச் செலவில்லை. யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று முதியவர்களைச் சொல்லச் சொல்லி எழுதி வைத்தால், அது பேரப்பிள்ளைகளுக்கான குடும்ப வரலாறு ஆகும். தோட்டத்து வாழ்க்கையின் துன்பங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

வந்து சேர்ந்த பின்

முதல் வாரத்திலேயே இரு பக்கத்து வீட்டாரிடமும் போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பக்கத்து வீடு மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம். வெறுங்கையோடு போகாமல் ஒரு தட்டுப் பலகாரத்தோடு போனால் மொழி தடையாகாது. அவர்கள் சாப்பிடக்கூடியது எது என்று கேட்டுக் கொடுப்பது மரியாதை. ஃபெல்டாவுக்கு வந்த குடும்பமாக இருந்தால், புதுக்கிராமத்துக்கு வந்த குடும்பமாக இருந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் இதே துயரத்தைத் தாண்டியவர்கள்தாம்.

அரசாங்கக் காரியங்களைத் தள்ளிப்போடக் கூடாது. மைகாட்டில் முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் உடனே பதிந்து, மருந்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் மனத்தோடு தொடர்பில்லாதவை போல் தெரியும். ஆனால் புது முகவரி அச்சிட்ட அட்டை கையில் வரும்போதுதான் பலருக்கு 'இதுவும் நம்ம ஊர்' என்ற எண்ணம் பிறக்கிறது.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் வெளியே ஓர் இடம் வேண்டும். பாட்டிக்குக் கோயிலில் பூக்கட்டும் வேலை, தாத்தாவுக்கு அடுக்குமாடியின் கீழே நாலு செடி வைக்கும் மூலை, தாய்க்கு ஒரு மாதர் குழு, பையனுக்கு ஒரு பந்து விளையாட்டுக் குழு. உதவி கேட்பதைவிட உதவி செய்வது வேகமாக ஊரோடு ஒட்ட வைக்கும். பந்தல் போடத் தெரிந்தவர் பந்தல் போடப் போகட்டும். அண்டாவில் சோறு வடிக்கத் தெரிந்தவர் கோயில் சமையற்கட்டுக்குப் போகட்டும். தோட்டத்தில் இருந்த மதிப்பு அங்கேதான் திரும்பக் கிடைக்கும்.

பழைய ஊர்த் தொடர்பை அறுக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய் வருவது நல்லது. ஆனால் வாரந்தோறும் போகத் தொடங்கினால், புது ஊரில் வார இறுதி என்பதே இல்லாமல் போகும். வார இறுதியில்தான் அக்கம்பக்கத்தார் வீட்டில் இருப்பார்கள்.

வரவேற்கும் ஊரின் கடமை

இதுவரை சொன்னது வருகிறவர்களுக்கு. இனி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பேச்சையும் உடையையும் பார்த்து 'தோட்டக்காட்டான்' என்று சிரிப்பவர்கள், தங்கள் பாட்டன் எந்த லயத்தில் பிறந்தார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் புதிதாக வந்த குடும்பங்களின் பெயர்களைக் கேட்டறிந்து, தாங்களே அழைக்க வேண்டும். சந்தா கேட்க மட்டும் கதவைத் தட்டினால் போதாது.

காஹாங் போன்ற ஊருக்கு வேலை மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் தாதியரும் உண்டு. பினாங்கிலோ ஈப்போவிலோ பெற்றோரை விட்டுவிட்டு, வாடகை அறையில் தனியாக இருக்கும் இளம் ஆசிரியையை ஒரு தீபாவளிக்குச் சாப்பிட அழைத்தால், அவர் அந்த ஊர்ப் பிள்ளைகளை விட்டு மாற்றல் கேட்டுப் போக அவசரப்பட மாட்டார்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கக் கூடாது. தமிழர்கள் விட்டுச் சென்ற தோட்ட வேலையை இன்று பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் செய்கிறார்கள். மனைவியையும் குழந்தையையும் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்து வாழ்கிறவர்கள் அவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பாட்டனின் ஏக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள், அவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

எப்போது உதவி நாடுவது?

புது ஊரில் முதல் சில மாதங்கள் சோர்வும் ஏக்கமும் இருப்பது இயல்பு. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, காரணமில்லாத அழுகை இருந்தால், குடிப்பழக்கம் கூடினால், "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால், அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது பைத்தியக்காரத்தனம் அல்ல. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போலத்தான்.

சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 'ஹீல்' மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 15555. குடும்ப வன்முறை, கைவிடப்பட்ட முதியவர், பிள்ளைகள் தொடர்பான உதவிக்கு 'தாலியான் காசே' 15999. மனம் விட்டுப் பேச மட்டும் ஓர் ஆள் வேண்டுமென்றால் 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பின் 03-76272929 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இந்த எண்களைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பது நல்லது.

"இங்க மனசு ஒட்டலே" என்று அடுத்த முறை வீட்டில் யாராவது சொன்னால், "சரியாயிடும்" என்று பேச்சை முடித்துவிட வேண்டாம். அருகில் உட்கார்ந்து, "அங்க எது ரொம்ப ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் ஒரு பெயர் இருக்கும், ஒரு பழக்கம் இருக்கும், ஒரு வேலை இருக்கும். அதில் எதை இங்கே கொண்டுவர முடியும் என்று அன்றைக்கே இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.